சுவையிலும் உயர்வு தாழ்வா?

“பனிக்கட்டி போட்டுக் குடிப்பவருக்கு நாக்கே இல்லை!” என்றார் வழக்கறிஞர்.

“விலைச்சீட்டைப் படித்துக் குடிப்பவருக்கு மட்டும் இருக்கிறதோ?” என்று திருப்பிக் கேட்டார் பீப்பாய் செய்யும் தொழிலாளி.

சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில், அமெரிக்காவின் கெண்டகி மாநிலத்தில், ஓகையோ ஆற்றங்கரையில் அமைந்த லூயிவில் நகரத்தில், நம் தமக்கையார் வீட்டுத் தாழ்வாரத்தில் எழுந்த வாதம் இது. ஆசிரியர் சம்பளத்தில் அத்தனை தொலைவு செல்ல இயலுமா என்று கேட்பீர்கள். இயலாது. தமக்கையாரின் பாசம் பயணச்சீட்டு அனுப்பியது, சென்றோம்.

வாதத்துக்குப் பொருள், போர்பன் எனும் மது. பகுத்தறிவு பேசும் ஏட்டில் மதுவுக்கு என்ன வேலை என்று தோழர்கள் முகம் சுளிக்க வேண்டா. நாம் குடிப்பதில்லை. குடியின் கொடுமை நாம் ஏட்டில் படித்து அறிந்ததன்று. தந்தையின் மாதச் சம்பளம் வீடு வந்து சேராத இரவுகளில், அணைந்த அடுப்பின் எதிரே அமர்ந்திருந்த அன்னையின் முகத்தில் படித்து அறிந்தது. உடல்நலத்துக்குத் தீங்கற்ற அளவு என்று மதுவில் ஏதும் இல்லை என 2023ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு நிறுவனமும் அறிவித்துவிட்டது. ஆகவே மதுவுக்குப் பரிந்து பேச வரவில்லை. அந்தத் தாழ்வாரத்தில் நாவின் பேரால் நடந்த உயர்வு தாழ்வைப் பற்றிப் பேச வந்தோம். ‘நாக்கே இல்லை’ என்ற அந்தச் சொல், நமக்குப் பழக்கமான சொல். கல்லூரி விடுதியில், அன்னை கட்டியனுப்பிய கருவாட்டுப் பொட்டலத்தை நாம் பிரித்தபோது, “இதையும் மனிதர் தின்பாரோ?” என்று மூக்கைப் பொத்திக்கொண்டவர்கள் சொன்னதும் அதுவே அல்லவா?

முதலில், போர்பன் என்பது யாது? அப்பெயரைச் சூட்ட அமெரிக்கச் சட்டம் பல நிபந்தனைகளை விதிக்கிறது. தானியக் கலவையில் நூற்றுக்கு 51 பங்காவது மக்காச்சோளம் இருக்கவேண்டும். உட்புறத்தைத் தீயில் கருக்கிய புதிய ஓக் மரக் கலத்தில் ஊறவேண்டும். வெளியிலிருந்து நிறமோ மணமோ சேர்த்தல் கூடாது. புட்டியில் அடைக்கும்போது சாராயத்தின் அளவு நூற்றுக்கு 40க்குக் குறையலாகாது. 1964ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றம், இது தம் நாட்டுக்கே உரிய தனிப்பொருள் என்று தீர்மானமே நிறைவேற்றியது.

சட்டம் இவ்வளவு நெருக்கிப் பிடித்தும் சுவை ஒன்றாகிவிடவில்லை. மக்காச்சோளம் போக எஞ்சிய பங்கில் ரை என்னும் தானியம் மிகுந்தால், மிளகைக் கடித்தாற் போன்ற காரம் எழுகிறது. ரைக்கு மாற்றாகக் கோதுமை சேர்ந்தால் மென்மை பிறக்கிறது. கருகிய மரத்திலிருந்து வனிலா மணமும், காய்ச்சிய சர்க்கரையின் இனிப்பும் இறங்குகின்றன. ஆண்டுகள் ஏறினால் மரத்தின் துவர்ப்பும் ஏறுகிறது. கிடங்கின் மேல்தளத்து வெப்பத்தில் கிடந்த பீப்பாய்க்கு ஒரு சுவை. கீழ்த்தளத்துக் குளிர்ச்சியில் கிடந்ததற்கு வேறு சுவை. ஊறும் காலத்தில் ஆண்டுதோறும் ஒரு பகுதி ஆவியாகிக் குறைகிறது. அதற்கு அவர்கள் இட்டிருக்கும் பெயர், ‘தேவதைகளின் பங்கு’! ஆவியாவதற்கும் தேவதையா என்று நாம் வியந்தபோது, “பேச்சில்தான் தேவதை, கணக்கில் நட்டம் என்றே எழுதுவோம்” என்றார் பீப்பாய்த் தொழிலாளி.

அன்று கூடியிருந்தவர் நால்வர். வழக்கறிஞருக்கு 15 ஆண்டு ஊறியது, 300 டாலர் விலையுள்ளது, ஒரு துளி நீரும் கலவாதது வேண்டும். பீப்பாய்த் தொழிலாளிக்கு ரை மிகுந்தது, நெஞ்சில் சுடுவது வேண்டும். அடுத்த வீட்டு மூதாட்டி, ஓய்வுபெற்ற செவிலியார். அவருக்குக் கோதுமை சேர்ந்தது, பனிக்கட்டி மிதக்க வேண்டும். நம் அத்தானோ, இனிப்புக் கோலா பானத்தைக் கலந்து பருகுபவர். அவரை அவ்வவையில் மனிதராகவே எண்ணவில்லை!

பனிக்கட்டி போடுவது குற்றமா? குளிர்ச்சி மிகுந்தால் மணம் மங்குமென்பது உண்மை. ஆனால் நீர் சேர்ப்பதே குற்றமன்று. விஸ்கியின் புகைமணத்துக்குக் காரணமான ஒரு பொருள், நீர் கலந்து சாராயத்தின் செறிவு குறையும்போது மேற்பரப்புக்கு வந்து சேர்கிறது என்று 2017ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு ஆய்வாளர் இருவர் கணிப்பொறி வழியே கணித்துக் காட்டினர். நாம் இதைச் சொன்னபோது வழக்கறிஞர் தலையசைத்தார், ஏற்கவில்லை. “உயர்ந்த சரக்கை உயர்ந்த நாக்கு அறியும்” என்றார்.

உயர்ந்த நாக்கு! அந்தச் சொல்லை ஆய்ந்து பார்க்காமல் விட நமக்கு மனம் வரவில்லை. அங்கே குடிக்காதவர் நாம் ஒருவரே. ஆகவே நடுவராக இருக்கத் தகுதி நமக்கே இருந்தது. “மூடிய கிண்ணத்தில் முடிவு காண்போமா?” என்றோம். ஒப்புக்கொண்டனர்.

நான்கு வகைப் போர்பனை அடுக்களையில் ஊற்றினோம். முதியது கருமையாக இருக்கும். நிறம் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதே என்பதற்காக, அடர்நிறப் பீங்கான் கிண்ணங்களைத் தேர்ந்தெடுத்தோம். கிண்ணத்துக்கு ஒரு தேக்கரண்டி அளவு, அடியில் எண், சீட்டுக் குலுக்கி வரிசை. எடுத்துச் சென்றவர் எதிலே எது என்று அறியாத தமக்கையார். அறிந்த நாம் தாழ்வாரப் பக்கமே போகவில்லை. நம் முகம் பேசிவிடலாம் அல்லவா?

தாள்கள் வந்தன. நால்வரும் நான்கு வரிசை எழுதியிருந்தனர். பீப்பாய்த் தொழிலாளி, தாம் நாள்தோறும் பருகும் புட்டியையே முதலாவதாகக் குறித்திருந்தார். செவிலியார், தாம் பெயரும் கேட்டிராத ஒன்றை முதலில் வைத்திருந்தார். அத்தான், “மூன்றுக்கும் வேறுபாடு தெரியவில்லை” என்று எழுதியிருந்தார். அன்றைய தாள்களில் அச்சமற்ற விடை அதுவே. வழக்கறிஞர்? 25 டாலர் புட்டிக்கு முதலிடம். தம் 300 டாலர் புட்டிக்கு மூன்றாம் இடம்.

சிரிப்பொலி எழுந்தது. அவர் சிரிக்கவில்லை. தம் புட்டியிலிருந்து சிறிது ஊற்றி, கண்மூடிப் பருகினார். “பெயர் தெரிந்து குடிக்கும்போது இப்போதும் இதுவே எனக்குப் பிடிக்கிறது. நான் பொய் சொல்கிறேனா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியில் ஆணவம் இல்லை, கலக்கம் இருந்தது.

அவர் பொய் சொல்லவில்லை. 2008ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், கலிபோர்னியாவில் 20 பேருக்கு ஒரே திராட்சை மதுவை, 10 டாலர் என்று ஒருமுறையும் 90 டாலர் என்று மறுமுறையும் சொல்லிக் கொடுத்தனர். 90 டாலர் என்று நம்பியபோது சுவை மிகுதி என்றனர் பருகியவர்கள். வாய்ச்சொல் மட்டுமன்று, இன்ப உணர்வோடு தொடர்புடைய மூளைப்பகுதியே கூடுதலாகக் கிளர்ந்ததைக் கருவி காட்டியது. ஆக, விலையைக் கேட்டு மகிழ்பவன் நடிக்கிறான் என்று சொல்லிவிட முடியாது. அவன் அடையும் இன்பம் மெய். அந்த இன்பம் புட்டிக்குள் இருக்கிறது என்று அவன் நம்புவதுதான் பொய். கல்லுக்குள் இருக்கிறது என்று நம்பி உருகுபவரின் கண்ணீரும் மெய்க்கண்ணீர்தானே, தோழர்களே!

மறுநாள் மாலை வழக்கறிஞரே மீண்டும் வந்தார். “எது பிடிக்கும் என்பதில் தோற்றேன். ஆனால் எது எது என்று பிரித்தறிய என்னால் முடியும். ரையையும் கோதுமையையும் வைத்துப் பாருங்கள்” என்றார். நல்ல அறைகூவல். அதற்கு ஒரு முறை ஏற்கெனவே உண்டு. தேநீரில் பாலை முதலில் ஊற்றியதா, பின்னர் ஊற்றியதா என்று சுவைத்தே சொல்வேன் என்ற பெண்மணியை எவ்வாறு சோதிப்பது என்று, இங்கிலாந்துப் புள்ளியியல் அறிஞர் ரொனால்டு பிஷர், 1935ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினார். எட்டுக் கிண்ணம், நான்கு ஒருவகை, நான்கு மறுவகை. வெறும் குருட்டு ஊகத்தில் எல்லாம் சரியாக அமைவதற்கு 70இல் ஒரு வாய்ப்பே உண்டு.

அவ்வாறே வைத்தோம். வழக்கறிஞர் கோதுமைக் கிண்ணம் நான்கில் மூன்றைச் சரியாகச் சொன்னார். மோசமில்லை, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலும் ஏறத்தாழ நான்கு முறைக்கு ஒருமுறை இந்த அளவு வந்துவிடும். பிறகு செவிலியார் அமர்ந்தார். நிதானமாக முகர்ந்தார், நுனிநாவில் தொட்டார், பிரித்து வைத்தார். நான்கும் சரி!

‘நாக்கே இல்லை’ என்று இகழப்பட்ட நா அது. ஒரு சோதனையே இறுதித் தீர்ப்பு ஆகிவிடாது என்பதை அறிவோம். ஆனால் அதன்பின் நடந்ததே நம்மைச் சிந்திக்கவைத்தது. வெற்றி பெற்ற அம்மூதாட்டி, மீதியை ஒரே கிண்ணத்தில் சேர்த்தார், இரண்டு பனிக்கட்டியைப் போட்டார், மகிழ்ச்சியோடு பருகினார். பிரித்தறியும் திறன் வேறு, பிடித்தம் வேறு. திறன் பயிற்சியால் வளரும், அதைச் சோதிக்கலாம், பாராட்டலாம். பிடித்தத்துக்குத் தேர்வும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை.

ஏன் இவ்வளவு வேறுபாடு? ஒரு பகுதி உடலில் இருக்கிறது. 1931ஆம் ஆண்டில், ஆர்தர் பாக்சு எனும் அமெரிக்க வேதியியலாளர் ஆய்வுக்கூடத்தில் ஒரு தூளைக் கையாண்டபோது அது காற்றில் பறந்தது. அருகிலிருந்த தோழர் ‘கசக்கிறதே!’ என்று கூவினார். பாக்சுக்கோ எந்தச் சுவையும் தெரியவில்லை. ஒரே தூள், ஒரே அறை, இரண்டு நா! அந்த வேறுபாட்டுக்குக் காரணமான மரபணுவை 2003ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். மற்றொரு பகுதி வாழ்வில் இருக்கிறது. “இந்த வனிலா மணம் என் தாயின் அடுக்களை” என்றார் செவிலியார். “இந்தக் கருகல் என் பட்டறை” என்றார் பீப்பாய்த் தொழிலாளி. ஒருவர் தாயைச் சுவைத்தார். ஒருவர் உழைப்பைச் சுவைத்தார். இதில் எது உயர்வு, எது தாழ்வு என்று எந்தத் தராசு சொல்லும்?

தாழ்வாரத்தில் நீதி வழங்கிய பெருமிதத்தோடு அன்றிரவு படுத்தோம். உறக்கம் வரவில்லை. நம் வகுப்பறை கண்முன் வந்தது.

வேலைக்குச் சேர்ந்த முதலாண்டு. ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன், நண்பகலில் தன் தூக்குப் பாத்திரத்தைத் திறந்தான். கருவாட்டு மணம் அறையெங்கும் பரவியது. பிள்ளைகள் மூக்கைப் பிடித்தனர். நாம் என்ன செய்தோம்? “இதையெல்லாம் பள்ளிக்கு எடுத்து வராதே” என்றோம்! யார்? அந்த மணத்திலேயே பிறந்து வளர்ந்து, விடுதியில் அதற்காகவே இழிவு சுமந்த நாம்! பட்டம் பெற்றவுடன், மூக்கைப் பொத்தியவர்களின் மூக்கையே நாமும் வாங்கி மாட்டிக்கொண்டோம். அன்றுமுதல் அவன் வேப்பமரத்தடியில் தனியே உண்டான். நாம் அதைக் கண்டோம், கண்டும் வாளாவிருந்தோம். வழக்கறிஞராவது ஒரு புட்டியைப் பழித்தார். நாம் பழித்தது ஒரு குடும்பத்தின் அடுப்பை.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் நாள், எட்டாம் வகுப்புக்குச் சென்று, எல்லாப் பிள்ளைகளும் கேட்க, “அன்று சொன்னது தவறு, தவறு என்னுடையது” என்றோம். நண்பகலில் நம் சோற்றுப் பாத்திரத்தோடு வேப்பமரத்தடிக்குச் சென்று அவனருகில் அமர்ந்து, ஒரு துண்டு கேட்டோம். நெடுநேரம் தயங்கினான். பிறகு பாத்திரத்தை நம் பக்கம் நகர்த்தினான். உப்புச் சற்று மிகுதி. அதையும் மறைக்காமல் சொன்னோம்.

“எங்கள் அம்மாவுக்கு அப்படித்தான் பிடிக்கும்” என்றான், நிமிர்ந்து பார்த்து.

தோழர்களே! “எனக்கு இது பிடிக்கும்” என்பவரிடம் சான்று கேட்க வேண்டா. அது அவர் நாவின் உரிமை. “இதுவே உயர்ந்தது, உன்னுடையது இழிந்தது” என்பவர் எவராயினும், விலைச்சீட்டை மூடிவைத்துச் சான்று கேளுங்கள். அப்படிச் சொல்பவர் சில வேளைகளில் நாமாகவே இருக்கக்கூடும். அப்போதும் கேளுங்கள்!