பாட்டில் நிறைய தண்ணி

எட்டு டம்ளர் கணக்கு தெரியும்தானே மக்களே? 1945-ல அமெரிக்க உணவு, ஊட்டச்சத்து வாரியம் ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர்னு சொன்னப்பவே, அதுல பெரும்பகுதி சாப்பாட்டுலயே இருக்குன்னும் சொல்லிடுச்சு. நம்ம ரசம், மோர் எல்லாம் கணக்குல சேத்தி :-) சிறுநீர் வெளிர் மஞ்சளா போனா சரி. அடர் மஞ்சள்னா தண்ணி பத்தலன்னு அர்த்தம். அவ்ளோதான் விஷயம்.

ஆனா எங்க வீட்டுப் பஞ்சாயத்து வேற. அண்ணன் பொண்ணு ஏழாவது படிக்கிறா. காலையில நிரப்பிக் குடுக்கற பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வருது, கூடவே தலைவலியும். அண்ணி திட்டிப் பாத்தாங்க. அண்ணன் படம் போட்ட புது பாட்டில் வாங்கிக் குடுத்தார். ம்ஹூம். பக்கத்துல உக்கார வச்சு மெதுவா கேட்டப்பதான் சொன்னா:

"தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணும்ல அத்தை? அங்க தாழ்ப்பாளே இல்ல."

எனக்குப் பதில் சொல்ல வரல. ஏன்னா நைட் பஸ்ல திருநெல்வேலி போறதுன்னா எங்கம்மா மத்தியானத்தோட தண்ணிய நிறுத்திடுவாங்க. ஜவுளிக்கடையில நாள் பூரா நிக்கற தோழியும் இப்படித்தான். நம்ம பொம்பளைங்க தாகத்தை அடக்கறது தண்ணி இல்லாம இல்லீங்க, போக இடமில்லாம.

உடம்பு சும்மா விடுமா? தண்ணி குறைஞ்சா சிறுநீர் கெட்டியாகி, அதுல இருக்கற உப்புங்க ஒண்ணு சேந்து கல்லாகலாம். ரொம்ப நேரம் அடக்கி வச்சா கிருமி பெருக வசதி. பெண்களுக்கு சிறுநீர்க் குழாய் நீளம் கம்மிங்கறதால தொற்று இன்னும் சுலபமா வரும். அந்த எரிச்சல் பட்டவங்களுக்குத்தான் தெரியும்.

2019-ல கேரளாப் பள்ளிகள்ல தண்ணி குடிக்கன்னே தனியா மணி அடிக்க ஆரம்பிச்சாங்க. 2025-ல தமிழ்நாட்டுலயும் 'வாட்டர் பெல்' வந்துச்சு, 11 மணி, 1 மணி, 3 மணின்னு. நல்ல யோசனை, குறை சொல்லவே மாட்டேன். ஆனா மூணு மணிக்குக் குடிச்ச புள்ள மூணரைக்கு எங்க போகும்?

வர்ற பெற்றோர் கூட்டத்துல அண்ணி இதைக் கேக்கப் போறாங்க. இன்னும் நாலு அம்மாக்கள் கூட வர்றதா சொல்லியிருக்காங்க. நானும் போறேன். தாழ்ப்பாள் விலை விசாரிச்சாச்சு, நூறு ரூபா கூட இல்ல.