கனடா ஊரில் ஒரு ஜெர்மன் போர் விமானம்: 100 வயது தாண்டிய துணி சொல்லும் கதை!

கனடாவின் மான்ட்ரியல் நகரிலிருந்து தென்கிழக்கே சுமார் 100 கிலோமீட்டர் போனால், ஏரியோரமாக நோல்டன் என்ற சின்ன ஊர் வரும். கியூபெக் மாகாணத்தில் இந்த ஊர் வட்டாரம் வாத்துக்கறிக்குப் பேர்போனது. ஆனால், விமான மாடல் செய்கிறவர்களிடம் கேட்டால் வேறு காரணம் சொல்வார்கள். இங்குள்ள சிறிய அருங்காட்சியகத்தில், முதல் உலகப் போர்க்கால ஜெர்மன் விமானம் ஒன்று, அன்று போர்த்திய துணியோடு நிற்கிறது.

அதன் பெயர் ஃபோக்கர் டி.7. 1918-ல் போர்முனைக்கு வந்த, ஒருவர் மட்டும் அமரும் விமானம். அந்த ஆண்டு நவம்பரில் போர்நிறுத்த ஒப்பந்தம் போட்டபோது, ஜெர்மனி ஒப்படைக்க வேண்டியவற்றில் இந்த விமானத்தைப் பெயர் சொல்லியே கேட்டார்கள். அந்த அளவுக்கு எதிரிகளை மிரட்டியிருந்தது! கனடாவுக்கு வந்த விமானங்களில் ஒன்று நோல்டனுக்குக் கிடைக்க வழி செய்தவர், செனட்டர் ஜார்ஜ் ஃபாஸ்டர்.

துணியிலேயே அச்சடித்த மறைப்பு

இறக்கையைப் பாருங்கள். பச்சை, நீலம், ஊதா என்று பல கோணக் கட்டங்கள், தரையில் பதித்த ஓடுகள் மாதிரி நெருக்கமாக இருக்கும். இதை 'லாசஞ்ச்' என்பார்கள். இருமலுக்குச் சப்புகிற மாத்திரைக்கும் அதே பெயர்தான். சாய்சதுர வடிவத்தைக் குறிக்கும் சொல் அது.

போரின் தொடக்கத்தில் ஜெர்மன் விமானங்கள் பெரும்பாலும் வெளிர் நிறத் துணியோடுதான் பறந்தன. பிறகு பச்சை, பழுப்பு, ஊதாத் திட்டுகளாகப் பெயின்ட் பூசினார்கள். அதனால் எடை கூடியது, நேரமும் வீணானது. 1917 வாக்கில் துணியிலேயே வடிவத்தை அச்சிட்டு, அதை இறக்கையில் போர்த்தத் தொடங்கினார்கள். மேல்பக்கம் அடர்நிறம், உயரத்திலிருந்து பார்ப்பவருக்கு நிலத்தோடு கலந்துவிடும். அடிப்பக்கம் வெளிர்நிறம், கீழிருந்து பார்ப்பவருக்கு வானத்தோடு கலந்துவிடும். பார்க்க அழகாக இருந்தாலும், உள்ளே இருந்தவரின் உயிரைக் காக்கப் போட்ட கணக்கு இது.

மாடல் செய்பவர்கள் கவனிக்க

* லாசஞ்ச் டிகால் வாங்கும்போது மேல்பக்கத்துக்கும் அடிப்பக்கத்துக்கும் தனித்தனித் தாள் இருக்கிறதா என்று பாருங்கள். நான்கு நிற வகை, ஐந்து நிற வகை இரண்டும் உண்டு.

* இறக்கையின் குறுக்குச் சட்டங்கள் மேல் மெல்லிய துணி நாடா ஒட்டியிருப்பார்கள். பலர் மறந்துவிடுவது இதைத்தான்.

* 1918 வசந்த காலத்தில்தான் வளைந்த ஓரமுள்ள சிலுவைச் சின்னம், நேர்க்கோட்டுச் சிலுவையாக மாறியது. தொடக்கத்தில் வந்த டி.7 விமானங்களில் பழைய வடிவமும் உண்டு. எந்த மாதத்து விமானம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

* நிஜ இறக்கையின் நீளம் சுமார் 8.9 மீட்டர். 48-ல் 1 பங்கு மாடலில் அது 18.5 சென்டிமீட்டர்தான். கட்டங்களும் அதே அளவில் சுருங்க வேண்டும்.

புதுப்பிக்காததே பெருமை

பல ஊர்களில் இந்தக் காலத்து விமானங்களின் கிழிந்த துணியை உரித்துவிட்டுப் புதுத்துணி போர்த்தினார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால், பழைய துணியோடு சாட்சியமும் போய்விட்டது. பிறகு வந்தவர்கள் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களை வைத்து நிறத்தை ஊகிக்க வேண்டியதாயிற்று.

நோல்டன் துணியும் காலத்தில் வெளுத்ததுதான். சாயம் மங்கும், மேலே பூசிய மெருகு மஞ்சளாகும். ஆகவே, இன்று கண்ணில் படும் நிறத்தையே 1918-ன் நிறம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. மாடல் செய்கிறவர்கள் இன்றும் சண்டை போடுவது இதற்காகத்தான். ஆனால், கட்டங்களின் வடிவம், துணியை இணைத்த விதம், நாடா ஒட்டிய இடம் ஆகியவை மங்கவில்லை. நிறத்தில் சந்தேகம் வரலாம், அமைப்பில் வராது.

கனடாவில் உறவினர் வீட்டுக்குப் போகிறவர்கள் பிள்ளைகளோடு ஒருநாள் நோல்டன் போய்வரலாம். கிளம்பும்முன் அருங்காட்சியகம் திறந்திருக்கும் நாட்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். பளபளவென்று இல்லையே என்று பிள்ளைகள் கேட்டால், "யாரும் மாற்றாமல் விட்டதால்தான் இதை நம்ப முடிகிறது" என்று சொல்லுங்கள்.