வழியில் கிடைத்த மருந்து

படிக்கச் சென்ற பிள்ளை ஊர் சுற்றுகிறான் என்னும் முறையீடு, கூடங்குளம் வட்டாரத்தில் பணியாற்றும் அருள்பணியாளர்களின் செவிகளில் அண்மைக் காலமாக அடிக்கடி விழுகிறது. ஒரு தலைமுறைக்கு முன்பு நம் பகுதியிலிருந்து கடல் கடந்தோர் பெரும்பாலும் வளைகுடா நாடுகளுக்கு உழைக்கச் சென்றவர்கள். இன்றோ பீடி சுற்றிய தாயின் மகளும், பனையேறிய பாட்டனின் பேரனும், வள்ளம் வலித்த குடும்பத்துப் பிள்ளையும் உயர்கல்விக்காக ஐரோப்பிய நகரங்களில் வாழ்கின்றனர். இது மகிழத்தக்க மாற்றமே. எனினும் அப்பிள்ளைகள் அனுப்பும் நிழற்படங்கள் கைப்பேசியில் வந்து சேரும்போது, பெற்றோர் முகத்தில் மகிழ்ச்சியோடு ஒரு கலக்கமும் தோன்றுவதைக் காண்கிறோம்.

சென்ற தவக்காலத்தில் ஒரு தந்தை நம்மிடம் வந்தார். அவர் மகன் ஜெர்மனியில், ஆகன் நகரில் பொறியியல் படிக்கிறான். கைப்பேசியை நீட்டி, "சாமி, இதப் பாருங்க. நிலத்த ஈடு வச்சு அனுப்பினது படிக்கதுக்கா, இப்படிப் படம் புடிச்சுக்கிட்டு அலையதுக்கா?" என்றார். ஐந்து இளைஞர்கள் தோளோடு தோள் சேர்த்து நின்றனர். பின்னால் கருநிறக் கோபுரங்கள் இரண்டு. அது கொலோன் நகரப் பேராலயம் என்று கண்டுகொண்டோம். 1248-இல் தொடங்கி, இடையில் மூன்று நூற்றாண்டுகள் வேலை நின்றுபோய், 1880-இல் நிறைவுற்ற கோவில் அது. கீழ்த்திசை ஞானியர் மூவருடையவை என நம்பப்படும் திருப்பண்டங்கள் 1164 முதல் அந்நகரில் போற்றப்படுகின்றன.

தந்தையின் கலக்கத்திற்குக் காரணம் உண்டு. ஜெர்மனிக்குப் படிக்கச் செல்லும் அயல்நாட்டு மாணவர், ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கென 11,904 யூரோவை முன்கூட்டியே வங்கியில் வைத்துக் காட்ட வேண்டும் என்பது 2024 செப்டம்பர் முதல் உள்ள விதி. நம் பணத்தில் பத்து இலட்சம் ரூபாய்க்கும் மேல். அதிலிருந்து மாதம் 992 யூரோ மட்டுமே கைக்கு வரும். கூடங்குளத்துச் சிறு குடும்பத்திற்கு இது மலையளவு தொகை. ஆயினும் அவர் அறியாத செய்தி ஒன்றும் இருந்தது. அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில், நாடு முழுவதும் வட்டார இரயில்களில் செல்வதற்கான பயணச் சீட்டு மாணவர் கட்டணத்துடன் சேர்ந்தே வருகிறது. ஆகனிலிருந்து கொலோன் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். பேராலயத்தில் சென்று வேண்டுவதற்குக் கட்டணம் இல்லை. ஆக, அப்பிள்ளைக்குச் செலவு ஒரு வேளை ரொட்டியாக இருந்திருக்கக்கூடும் என்றோம்.

அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு, "காசு போகலேன்னா சரி சாமி. ஆனா நேரம் போகுதுல்லா?" என்றார்.

இது கூர்மையான வினா. காசுக்குக் கணக்குச் சொல்லிவிடலாம். நேரத்திற்கு என்ன கணக்குச் சொல்வது?

தோபித்து நூலைப் படித்தோர்க்கு இவ்வினா புதிதன்று. பார்வை இழந்த முதியவர் தோபித்து, மேதியா நாட்டில் ஒருவரிடம் ஒப்படைத்திருந்த பத்துத் தாலந்து வெள்ளியைப் பெற்றுவரத் தம் மகன் தோபியாவை அனுப்புகிறார். வழித்துணையாக ஒரு நண்பர் வாய்க்கிறார். அவர் வானதூதர் இரபேல் என்பதை எவரும் அறியார். கூடவே நாயும் செல்கிறது. மகனோ திக்ரீசு ஆற்றில் மீன் பிடிக்கிறான். எக்பத்தானா நகரில் தங்குகிறான். அங்கே மணம் முடித்து விருந்தில் பல நாள் செலவிடுகிறான். வெள்ளியைப் பெற்றுவர நண்பர்தாம் செல்கிறார். வீட்டில் தந்தை நாள்களை எண்ணுகிறார். தாய் அன்னா மகன் சென்ற வழியையே பார்த்துப் பார்த்து அழுகிறாள். இறுதியில் மகன் திரும்பி வருகிறான். தந்தையின் கண்ணைத் திறந்தது எது? அவர் வாங்கிவரச் சொன்ன வெள்ளியன்று. வழியில் பிடித்த மீனின் பித்தப்பை. அனுப்பியவர் கேட்காததும், அனுப்பப்பட்டவன் தேடாததுமான ஒன்று வழியிலே கிடைத்து, வீட்டிற்கு மருந்தாயிற்று.

நாமும் அயல்நாட்டில் மாணவராய் இருந்தோம். 1990-களின் பிற்பகுதியில் உரோமையில் இறையியல் மேற்படிப்பு. முதற் குளிர்காலத்தில் மாலை ஐந்து மணிக்கே இருள் சூழும். அறை, நூலகம், அறை என்று நாள்கள் கழிந்தன. அப்போது நம்மை வெளியே அழைத்தவர்கள் நண்பர் நால்வர்: கேரளத்தவர் ஒருவர், நைஜீரியர் ஒருவர், வியட்நாமியர் ஒருவர், போலந்து நாட்டவர் ஒருவர். 1998 தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, ஐவருமாக உரோமையின் ஏழு பெருங்கோவில்களைக் கால்நடையாகக் காணப் புறப்பட்டோம். பதினாறாம் நூற்றாண்டில் புனித பிலிப் நேரி இளைஞர்களுக்குப் பழக்கிய பயணம் அது; தொலைவு ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். அவர் வேண்டுதலோடு பாட்டையும் சேர்த்தார்; இடைவழியில் ஒரு தோட்டத்தில் அமர்த்தி உணவும் கொடுத்தார். திருப்பயணத்தையும் உல்லாசப் பயணத்தையும் அவர் பகைவராக்கவில்லை. ஐவருக்கும் சேர்த்து நம்மிடம் இருந்தது ஒரு படச்சுருள். முப்பத்தாறு படங்கள்தாம். எனவே ஒவ்வொரு படத்திற்கும் ஒரு சிறு விவாதம் நடந்தது. ஆகையால் நன்றாகப் பார்த்தோம்.

தனியே சென்றால் நம் கண் ஒன்றே பார்க்கும். நண்பரோடு சென்றால் அவர் கண்ணும் துணை செய்யும். மதிலுக்கு வெளியே உள்ள புனித பவுல் பேராலயத்தில் நைஜீரிய நண்பர், "இக்கற்கள் யாருடையவை?" என்று கேட்டார். 1823-இல் தீக்கிரையான அக்கோவிலை மீண்டும் எழுப்பியபோது, எகிப்தின் இஸ்லாமிய ஆட்சியாளர் முகமது அலி வெண்கல் தூண்களையும், ரஷ்யப் பேரரசர் முதலாம் நிக்கோலாஸ் பச்சைநிற மாலக்கைட் கல்லையும் அளித்தனர் என அறிந்து வியந்தோம். ஏழாவதாகப் புனித மரியா பேராலயம் சேர்ந்தோம். அதன் மேற்கூரையில் மின்னும் பொன் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது என்பது மரபுச் செய்தி. அதைக் கேட்டு அந்நண்பர் நெடுநேரம் அண்ணாந்து நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. கொடுக்கப்பட்ட கல்லும் எடுக்கப்பட்ட பொன்னும் ஒரே நகரின் கோவில்களில் இருப்பதை அன்று அவர் வழியாகக் கண்டோம். அந்தப் பச்சைக் கல் இப்போதும் நினைவுக்கு வருவதுண்டு. 1988-இல் கையெழுத்தான ஒப்பந்தத்தின் வழி கூடங்குளம் அணுமின் நிலையப் பணிக்கு வந்த ரஷ்யப் பொறியாளர்கள், விடுமுறை நாளில் குடும்பத்தோடு கன்னியாகுமரிக்குச் செல்வார்கள். வேலைக்கு வந்தவர்கள் ஊர் சுற்றுகிறார்களே என்று நம் மக்கள் எவரும் குறை கூறியதைக் கேட்டதில்லை!

மாலையில் விடுதிக்குத் திரும்பும் வழியில் இயேசு சபையாரின் தாய்க்கோவிலான ஜேசு ஆலயத்தில் நுழைந்தோம். வலப்புறப் பீடத்தில் பொன்மயமான பேழை ஒன்று. அதனுள் ஒரு முன்கை. புனித சவேரியாரின் வலக்கை அது. கோவாவில் இருந்த அவர் உடலிலிருந்து 1614-இல் சபைத் தலைவரின் ஆணைப்படி பிரிக்கப்பட்டு உரோமைக்கு வந்தது. நண்பர்கள் ஒரு கணம் வணங்கி நகர்ந்தனர். நம் கால்கள் நகரவில்லை. உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை, பெருமணல், கூட்டப்புளி என்று நீளும் நம் கடற்கரை முழுவதும் அந்தப் பேழைக்குள் இருப்பதாகத் தோன்றிற்று. நம் மூதாதையர் பிள்ளைகளின் தலைமேல் தண்ணீர் வார்த்த கை அது. 1544 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய மடலில், திருமுழுக்குக் கொடுத்துக் கொடுத்துத் தம் கை தளர்ந்துபோவதை அவர் கூறுகிறார். அதே மடலில், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்குச் சென்று, படிப்பு மட்டும் மிகுந்து அன்பு குறைந்த கற்றோரை நோக்கி உரக்கக் கூவ வேண்டும் என்ற ஏக்கத்தையும் வெளியிடுகிறார்.

அவரும் ஒரு காலத்தில் வீட்டைப் பிரிந்து அயல்நாட்டில் படித்த மாணவர் அன்றோ? நவார் நாட்டில் பிறந்து, 1525-இல் பாரிஸ் சென்றார். அங்கே அவருடைய வாழ்வைத் திருப்பியவர்கள் ஒரே அறையில் தங்கிய நண்பர்கள்: பீட்டர் பேபரும் இஞ்ஞாசியாரும். 1534 ஆகஸ்டு 15 அன்று நண்பர் எழுவர் நகரின் எல்லையிலிருந்த மோன்மார்த்தர் குன்றுக்கு நடந்து சென்று ஒன்றாக வாக்களித்தனர். அந்த ஒரு நாள் நடையின் பயனை நம் கடற்கரை இன்றும் அனுபவிக்கிறது.

மற்றொரு செய்தி இதனினும் நமக்கு நெருக்கமானது. 1542-இல் சவேரியார் நம் கரைக்கு வந்தபோது தமிழ் அறியாதவர். அவருடன் வந்தவர்கள், இக்கரையிலிருந்து கோவா சென்று கல்வி பெற்ற மாணவர் மூவர். தாய்மொழியும் போர்த்துக்கீசும் அறிந்த அவர்கள் இல்லையெனில், அப்பெரியார் இங்கே ஊமையாய் நின்றிருப்பார். நாம் அறிந்தவரை நம் கரையின் முதல் வெளியூர் மாணவர்கள் அவர்களே. சென்றார்கள், கண்டார்கள், கற்றார்கள். இரண்டு கரைகளையும் இணைக்கும் நாவாக மீண்டார்கள்.

ஆகவே நேரம் போகிறதே என்று கேட்ட தந்தைக்கு நாம் சொன்னது இதுதான்: ஊர் சுற்றும் பிள்ளையைக் குறித்து அவ்வளவு அஞ்ச வேண்டாம், ஊர் சுற்ற நண்பர் எவரும் இன்றி, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கேட்டபோதெல்லாம் நன்றாயிருக்கிறேன் என்று மட்டும் சொல்லும் பிள்ளையைக் குறித்தே அஞ்ச வேண்டும். கடன் சுமையும் தனிமையும் சேர்ந்தால் இளம் உள்ளம் தாங்குவது அரிது. அந்தப் படத்தில் உள்ள மற்ற நால்வர் யார், எந்த நாட்டவர் என்று கேளுங்கள். செலவு எவ்வளவு என்பதை இரண்டாவதாகக் கேட்கலாம்.

பிள்ளைகளுக்கும் ஒரு சொல். நகரைச் சுவராக்கி முன்னே நின்று படம் எடுப்பது எளிது. தோபியா மீனைக் கரையேற்றியதோடு நின்றிருந்தால் அது ஒரு வேளை உணவாகவே முடிந்திருக்கும். பித்தப்பையை எடுத்துப் பாதுகாத்ததால் மருந்தாயிற்று. நீங்கள் காணும் நகரில் யார் கொடுத்தது இருக்கிறது, யாரிடமிருந்து எடுத்தது இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். நம் கொற்கை முத்தை அணிந்து மகிழ்ந்தது பண்டைய உரோமை. பொருநை கடலொடு அன்று கலந்த அத்துறையில் அதற்காக மூச்சடக்கி மூழ்கியவர்களைப் பற்றி அந்நகரின் பெண்கள் எண்ணிப் பார்த்திருப்பார்களா? நீங்கள் எண்ணிப் பார்க்கலாம். கண்டதை வீட்டிற்கு எழுதுங்கள். படத்தோடு நான்கு வரி, தமிழில், அம்மாவுக்கு விளங்கும்படி.

எல்லாரும் திரும்பி வந்தே ஆகவேண்டும் என்று நாம் கட்டளையிட இயலாது. சவேரியாரே தாயகம் திரும்பவில்லை. ஆனால் விடுமுறைக்கு வருவோர் உண்டு. இவ்வாண்டு கிறிஸ்து பிறப்பு நாள்களில் ஊருக்கு வரும் மாணவ மாணவியர், ஒரு மாலை நம் கோவில் மண்டபத்தில் அமர்ந்து, பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் படிக்கும் தம்பி தங்கையர்க்குத் தாம் கண்டவற்றைச் சொல்லட்டும். பெற்றோரும் வந்து கேட்கட்டும். தேநீர்ச் செலவு பங்கைச் சேர்ந்தது.