ஒண்ணேகால் நிமிஷம்

பேத்தியின் போட்டி என்ன ஆயிற்று என்று பலர் கேட்டிருந்தீர்கள். தேர்வாகவில்லை. காரணத்தில் எனக்கும் பங்கு உண்டு என்பதால் நானே எழுதிவிடுகிறேன்.

அவள் சுடுவது 10 மீட்டர் ஏர் பிஸ்டல். சினிமாவில் வருவதுபோல் படபடவென்று சுடும் சமாச்சாரம் இல்லை. ஒரு தடவைக்கு ஒரு குண்டுதான். 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு, ஏறக்குறைய மிளகு அளவு, ஒரு பக்கம் பாவாடை மாதிரி விரிந்திருக்கும். சுட்டதும் பிஸ்டலை மேசைமேல் தாழ்த்தி, குழல் முனை இலக்கைப் பார்த்தபடியே இருக்க, இடது கையால் லிவரைத் திறந்து, குண்டின் தட்டை முகம் முன்னால் இருக்கும்படி வைத்து, கட்டை விரலால் அழுத்தி, லிவரை மூட வேண்டும். இத்தனைக்கும் வலது கைப்பிடி மாறக்கூடாது. பிடி ஒரு நூல் நகர்ந்தாலும் அடுத்த குண்டு வேறெங்கோ போய்விடும். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 11.5 மில்லிமீட்டர்தான்.

60 குண்டு, 75 நிமிஷம். கணக்கு வாத்தியார் சும்மா இருப்பேனா? முதல் நாள் இரவு வகுத்துப் பார்த்து, "குண்டுக்கு ஒண்ணேகால் நிமிஷம்தாம்மா, குண்டு போடுறதுல நேரத்தை விடாதே" என்றேன். அவள் தலையாட்டினாள். பரீட்சை ஹாலில் "இன்னும் பத்து நிமிஷம்" என்று நான் குரல் கொடுத்ததும் நீங்கள் ஆட்டிய அதே தலை.

முதல் 40 குண்டு அருமை. பிறகு கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். 43-ஆவது முறை, லிவரைத் திறந்து மூடினாள், குண்டை வைக்கவில்லை. விசையை அழுத்தியதும் வெறும் காற்றுச் சத்தம். திரையில் ஒன்றும் பதிவாகவில்லை. அவளே கையை உயர்த்தி நடுவரை அழைத்தாள். போட்டி தொடங்கிய பிறகு குண்டில்லாமல் காற்று வெளியேறினால் அது பூஜ்யம், விதி அப்படி. கடைசியில் 6 புள்ளி குறைந்தது. அந்த ஒன்றில் ஏழு வந்திருந்தால்கூடப் போதும்.

வரும் வழியில் பஸ்ஸில் சொன்னாள்: "தாத்தா, குண்டு போடுற நேரத்துலதான் நான் மூச்சு விடுவேன். தோளை இறக்குவேன். போன குண்டை மறப்பேன். நேத்து நீங்க சொன்னதுலேர்ந்து அது வேஸ்ட் டைம்னு தோணிடுச்சு."

எனக்குப் பதில் வரவில்லை.

மனு பாக்கரை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். 2021-இல் டோக்கியோவில் போட்டியின் நடுவே பிஸ்டல் பழுதாகி நிமிஷங்கள் கரைந்தன. 575 புள்ளிகளோடு 12-ஆவது இடம். முதல் எட்டுப் பேருக்குத்தான் இறுதிச் சுற்று. அதே பெண்தான் 2024-இல் பாரிஸில் இதே பிரிவில் வெண்கலம் வாங்கினார். ஆறுதலாக இருக்கட்டும் என்று நான் இதை எடுத்தேன். "அவங்களுக்கு பிஸ்டல் பழுது. எனக்கு நான்தான் பழுது" என்றாள். "இல்லம்மா, தாத்தாதான்" என்றேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் சிரித்தாள்.

இப்போது தினமும் சாயங்காலம் கிளப்பில் அரை மணி நேரம் சுடாமல் குண்டு போடும் பயிற்சி மட்டும். டப்பாவிலிருந்து நேரே எடுப்பதில்லை. முதலில் பத்துக் குண்டைத் தட்டில் எண்ணி வைக்கிறாள். தட்டில் மிச்சம் இருப்பதைப் பார்த்தாலே போட்டோமா இல்லையா என்று தெரிந்துவிடுமாம். நான் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். கைக்கடிகாரத்தை வீட்டில் வைத்துவிட்டுத்தான் வர வேண்டும் என்பது அவள் போட்ட நிபந்தனை.