வேதகிரி மலையடியில் ஒரு சிவப்புக் கல்

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற பஸ்ஸில் ஏறினால், பாதி வழியில் திருக்கழுக்குன்றம். மலைமேல் வேதகிரீஸ்வரர், அடிவாரத்தில் பக்தவத்சலேஸ்வரர். போன மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். என் கைப்பையில் அம்மாவின் மோதிரமும், அதைப் பரிசோதித்த சீட்டும் இருந்தன. சீட்டில் இருந்ததை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அது பாட்டி கொடுத்த மாணிக்க மோதிரம். விற்றுத் தம்பி மகளின் காலேஜ் ஃபீஸைக் கட்டிவிடலாம் என்பது அம்மாவின் கணக்கு. சென்னையில் கல் பரிசோதிக்கும் இடத்தில் கொடுத்தேன். 'கார்னெட்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

"ரெண்டும் சிவப்புதானே சார்?" என்றேன். அந்த மனிதர் பொறுமைசாலி.

மாணிக்கம், அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமம். அதில் கலந்திருக்கும் துளி குரோமியம்தான் சிவப்பைத் தருகிறது. எங்கள் கல் அல்மண்டைன் என்ற வகை கார்னெட். இரும்பு, அலுமினியம், சிலிக்கா சேர்ந்தது. எடை பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. தண்ணீரைவிட இரண்டுமே சுமார் 4 மடங்கு கனம். ஒளியை வளைக்கும் அளவும் ஏறக்குறைய அடுத்தடுத்துதான். மாணிக்கத்துக்கு 1.76 முதல் 1.77 வரை, அல்மண்டைனுக்கு அதற்குச் சற்று மேலே. கடினத்தில் மட்டும் மாணிக்கம் 9, கார்னெட் 7 அல்லது 7.5. ஆனால் கீறிப் பார்க்க யாருக்கு மனசு வரும்?

குட்டை அடிப்பது வெளிச்சம்தான். மாணிக்கத்துக்குள் நுழையும் ஒளி இரண்டாகப் பிரியும். கார்னெட்டில் ஒன்றாகவே போகும். சின்னக் குழல் போன்ற ஒரு கருவியில் பார்த்தால் மாணிக்கம் பக்கத்துப் பக்கமாக இரண்டு சிவப்பைக் காட்டுமாம், ஒன்றில் ஊதா சாயல், இன்னொன்றில் ஆரஞ்சு. எங்கள் கல் இரண்டு கட்டத்திலும் ஒரே சிவப்பைக் காட்டியது. புற ஊதா டார்ச் அடித்தார். மாணிக்கமாக இருந்தால் பெரும்பாலும் கனல் மாதிரி ஒளிரும். இது இருட்டாகவே கிடந்தது. (தொழிற்சாலையில் செய்த மாணிக்கமும் ஒளிரும். டார்ச்சை மட்டும் நம்பிக் கல் வாங்கிவிடாதீர்கள்.)

500 படிகளுக்கு மேல். அம்மா நின்று நின்று ஏறினார். சின்ன வயதில் உச்சி வேளையில் இங்கே கழுகுகள் வந்து பொங்கல் தின்றதைப் பார்த்தவர். இப்போது அவை வருவதில்லை. இறங்கும் வழியில் ஒருகல் மண்டபத்தில் உட்கார்ந்தோம். பல்லவர் காலத்துக் குடைவரை. 17ஆம் நூற்றாண்டில் வந்த டச்சுக்காரர்கள் அங்கே பெயரைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். கல்லில் பேர் எழுதும் வியாதி நமக்கு மட்டும் இல்லை!

"மாணிக்கவாசகர் பாடின மலைடி. மோதிரத்தை இங்கே சாமி காலடியில வெச்சு எடுத்திருக்கலாம்" என்றார் அம்மா. எனக்குத் தொண்டை அடைத்தது.

மாமல்லபுரம் கடற்கரையில், சாயங்காலம், அலை இழுத்துவிட்டுப் போன மணலில் கருஞ்சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. ஒரு பிடி அள்ளினேன். பாறைகள் தேய்ந்து உதிர்ந்த கார்னெட் துகள்கள் அதில் இருக்கும். சாதாரண மணலைவிடக் கனம் என்பதால், அலை வெள்ளை மணலை அள்ளிப் போக இவை மட்டும் தங்கிவிடும்.

"அம்மா, மோதிரத்துல இருக்கிற கல்லும் இந்த ஜாதிதான்" என்று சொல்லிச் சீட்டைக் கொடுத்தேன்.

வெகுநேரம் படித்தார். மணலைத் தொட்டுப் பார்த்தார்.

"பாட்டிக்குத் தெரிஞ்சிருக்குமோ?"

"தெரியலம்மா."

"தங்கம் எவ்வளவு தேறும்?"

சொன்னேன். ஃபீஸில் கால்வாசிகூட வராது.

"சரி, தங்கத்தை மட்டும் குடுத்துடு. கல்லைக் கழட்டி வாங்கிட்டு வந்து என்கிட்ட குடு. மிச்சத்துக்கு என் வளையல் இருக்கு" என்றவர், புடவையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு எழுந்தார். "கடைசி பஸ் எத்தனை மணிக்கு?"