105 கோடியில் தொடங்கிய ஒரு எஸ்டிமேட்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பார்கள். வீடு கட்டிய யாரைக் கேட்டாலும் ஒரே கதைதான். மேஸ்திரி முதலில் சொன்ன தொகை ஒன்று, கிரகப்பிரவேசம் முடிந்து கணக்குப் பார்த்தபோது வந்த தொகை வேறொன்று. மேஸ்திரி பொய் சொன்னார் என்று அர்த்தமில்லை. அவர் தொகை சொன்ன நாளில் அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் போகும் என்று தெரியாது. ஜன்னலுக்குத் தேக்கா வேம்பா என்று முடிவாகவில்லை. மாடிப்படி உள்ளேயா வெளியேயா என்ற சண்டையும் தீரவில்லை.

தாதுவிலிருந்து உலோகத்தைப் பிரிக்கும் ஆலைகளின் கதையும் ஏறக்குறைய இதுதான். பூஜ்யங்கள் மட்டும் கொஞ்சம் அதிகம்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் தெற்குப் பகுதியில் ரேவன்ஸ்தார்ப் என்று ஒரு சின்ன ஊர். அதன் அருகே நிக்கல் சுரங்கமும் ஆலையும் அமைக்க 2004 மார்ச்சில் பிஎச்பி பில்லிட்டன் நிறுவனம் ஒப்புதல் கொடுத்தது. எஸ்டிமேட் 105 கோடி அமெரிக்க டாலர். 2008 மே மாதம் திறப்பு விழா நடந்தபோது ஆகியிருந்த செலவு சுமார் 220 கோடி டாலர். எட்டே மாதத்தில், 2009 ஜனவரியில், உற்பத்தியை நிறுத்துவதாக அறிவிப்பு வந்தது. அதே வருடம் டிசம்பரில் ஃபர்ஸ்ட் குவாண்டம் என்ற நிறுவனம் மொத்த ஆலையையும் 34 கோடி டாலருக்கு வாங்கிக்கொள்ள ஒப்பந்தம் போட்டது.

உலகின் மிகப் பெரிய சுரங்க நிறுவனங்களில் ஒன்று. அவர்களிடம் இல்லாத இன்ஜினியரா, அக்கவுண்டன்டா? பிறகு எப்படி இப்படி ஆனது? இதைப் புரிந்துகொள்ள, ஆலைக்கு எஸ்டிமேட் எப்படிப் போடுகிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும்.

தொடக்கம் தாதுவின் மாதிரிதான். அதை ஆய்வுக்கூடத்தில் நொறுக்கி, அரைத்து, எப்படிப் பிரிகிறது என்று பார்ப்பார்கள். ஒரு டன் கல்லை அரைக்க எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்பதற்கு ஃபிரெட் பாண்ட் 1952இல் சொன்ன சூத்திரம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. பிறகு எந்த வேலைக்கு அடுத்து எந்த வேலை என்று ஒரு படம். ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை டன் உள்ளே போகிறது, எத்தனை டன் வெளியே வருகிறது என்று வரவு செலவு. நம் பேலன்ஸ் ஷீட் மாதிரியே இரண்டு பக்கமும் சரியாக நிற்க வேண்டும். அதிலிருந்து மெஷின்களின் அளவு, அளவிலிருந்து விலை.

ஆனால் மெஷின் விலை ஆலையின் விலை ஆகாது. அஸ்திவாரம், இரும்புச் சட்டம், குழாய், வயரிங், பொருத்தும் கூலி என்று வரிசையாக வரும். 1940களில் ஹான்ஸ் லாங் என்பவர் இதற்கு ஒரு குறுக்குவழி சொன்னார். வந்து இறங்கிய மெஷின்களின் விலையை, திடப்பொருளைக் கையாளும் ஆலை என்றால் 3.1ஆல் பெருக்கு, திரவ ஆலை என்றால் 4.74ஆல் பெருக்கு, இரண்டும் கலந்தது என்றால் 3.63. அதாவது 100 ரூபாய் மெஷினுக்குக் குறைந்தது 310 ரூபாய் ஆலை. இன்னொரு குறுக்குவழியும் உண்டு. ஆலையின் திறனை இரண்டு மடங்காக்கினால் செலவு இரண்டு மடங்காகாது, ஒன்றரை மடங்குதான் ஆகும் என்பது. பெரிதாகக் கட்டினால் லாபம் என்ற ஆசை இங்கேதான் பிறக்கிறது.

இவையெல்லாம் ஆரம்பக் கட்டக் கணக்குகள். செலவு மதிப்பீட்டாளர்கள் எஸ்டிமேட்டை ஐந்து வகுப்பாகப் பிரிக்கிறார்கள். டிசைன் வேலை 2 சதவீதம்கூட முடியாத நிலையில் போடுவது ஐந்தாம் வகுப்பு. அதில் சொன்ன தொகை கடைசியில் பாதியாகவும் ஆகலாம், இரண்டு மடங்காகவும் ஆகலாம். 10 முதல் 40 சதவீதம் டிசைன் முடிந்தால் மூன்றாம் வகுப்பு. அப்போதும் 30 சதவீதம் வரை ஏறலாம். பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் பட்ஜெட்டுக்கு அனுமதி கேட்பார்கள். டிசைன் முக்கால்வாசி முடிந்த பிறகு போடும் முதல் வகுப்பிலும் 15 சதவீதம் வரை இடம் விட்டிருக்கிறார்கள்.

ஆக, எஸ்டிமேட் என்பது இவ்வளவுதான் ஆகும் என்ற வாக்குறுதி இல்லை. இதுவரை எவ்வளவு தெரிந்திருக்கிறது, எவ்வளவு தெரியவில்லை என்பதன் கணக்கு அது. ஆனால் பத்திரிகையில் 105 கோடி என்று மட்டும்தான் வரும். பக்கத்தில் இருக்கும் கூட்டல் கழித்தல் குறி வழியிலேயே எங்கோ விழுந்துவிடும்.

ரேவன்ஸ்தார்ப் தாது கெட்டியான பாறை இல்லை. மண்போல மக்கிய லேட்டரைட். அதிலிருந்து நிக்கலை எடுக்க, ஆட்டோகிளேவ் என்ற பிரம்மாண்டமான பிரஷர் குக்கரில் கந்தக அமிலத்தோடு சேர்த்துச் சுமார் 250 டிகிரி வெப்பத்தில் வேகவைக்க வேண்டும். அந்த அமிலத்தைத் தயாரிக்கவே தனியாக ஒரு ஆலை. அதற்குக் கந்தகம் கப்பலில் வர வேண்டும். இதே முறையில் 1990களின் கடைசியில் மேற்கு ஆஸ்திரேலியாவில் கட்டிய மூன்று ஆலைகளும் திணறியதை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

போதாததற்கு, கட்டுமானம் நடந்த வருடங்களில் அந்த மாநிலம் முழுவதும் சுரங்க வேலைதான். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வெல்டர் வேண்டும், இன்ஜினியர் வேண்டும், இரும்பு வேண்டும். கூலியும் விலையும் ஏறின. 2004இல் 75 அமெரிக்க சென்ட் அளவில் இருந்த ஆஸ்திரேலிய டாலர் 2008 நடுவில் 95 சென்ட்டைத் தாண்டியது. அதே கூலியை அமெரிக்க டாலரில் எழுதினால் அதுவும் கூடுதல் செலவு. வரைபடத்தில் ஒரு கோடு மாறாமலே பட்ஜெட் மாறும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஆலையின் திறன் வருடத்துக்கு 50,000 டன் நிக்கல். 220 கோடியை 20 வருடத்துக்குச் சமமாகத் தேய்மானம் பிரித்தால், வட்டி சேர்க்காமல், டன்னுக்கு 2,200 டாலர். பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் இது ஆலை முழுத் திறனில் ஓடினால்தான். மூன்றில் ஒரு பங்கு ஓடினால் 6,600 டாலர். அமிலம், கந்தகம், சம்பளம் எல்லாம் இதற்கு மேல். புதிய ஆலை முதல் நாளே முழுத் திறனில் ஓடாது. டெர்ரி மெக்நல்டி என்ற இன்ஜினியர் 1998இல் பல ஆலைகளை ஒப்பிட்டு, தொழில்நுட்பம் புதிதாகவோ சோதனை அரைகுறையாகவோ இருந்தால் மூன்று வருடம் கழித்தும் முழுத் திறனை எட்டாத ஆலைகள் உண்டு என்று காட்டினார்.

ரேவன்ஸ்தார்ப்புக்கு மூன்று வருடம் கிடைக்கவில்லை. 2007 மே மாதம் டன் 50,000 டாலரைத் தாண்டியிருந்த நிக்கல், 2008 கடைசியில் 10,000 டாலர் அளவுக்கு விழுந்துவிட்டது.

பங்குதாரர்களின் நஷ்டம் ஆண்டறிக்கையில் ஒரு வரியாக எழுதப்பட்டு முடிந்துவிடும். ஹோப்டவுனுக்கு அப்படி இல்லை. ஆலைக்குத் தெற்கே, கடலோரத்தில் இருக்கும் சின்ன ஊர் அது. தொழிலாளர்களை விமானத்தில் அழைத்து வந்து திருப்பி அனுப்பாமல், குடும்பத்தோடு அங்கேயே குடியேற்றுவது திட்டம். நம்பி வந்தார்கள். வீடு வாங்கினார்கள், கடை வைத்தார்கள், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தார்கள். ஒரே அறிவிப்பில் சுமார் 1,800 வேலைகள் போயின. அவர்களில் யாரும் அந்த எஸ்டிமேட்டைப் பார்த்திருக்க மாட்டார்கள். அதன் பிழைக்கு வீட்டுக் கடன் தவணை கட்டியது மட்டும் அவர்கள்.

34 கோடிக்கு வாங்கியவர்கள் என்ன செய்தார்கள்? தாதுவை நொறுக்கி உள்ளே அனுப்பும் முன்பகுதியை மாற்றி அமைத்தார்கள். 2011இல் மறுபடி உற்பத்தி தொடங்கியது. அதே 50,000 டன் திறன் என்று வைத்துக்கொண்டால், வாங்கிய விலைக்கு அவர்களுடைய தேய்மானம் டன்னுக்கு 340 டாலர்தான். முதல் முதலாளி இழந்த பணம் இரண்டாவது முதலாளிக்கு லாபம்போலத் தெரிகிறது. ஆனால் அந்த விலைக்கு வாங்கியும் நிக்கல் விலை சரிந்ததால் 2017இல் நிறுத்த வேண்டி வந்தது. 2020இல் ஓடியது. இந்தோனேசிய நிக்கல் சந்தையில் குவிந்து விலை இறங்க, 2024இல் மீண்டும் நின்றது.

வீடு கட்டும்போது அனுபவசாலிகள் ஒன்று சொல்வார்கள். மேஸ்திரி சொன்ன தொகையைக் கேட்டுக்கொள், கூடவே அதில் எதையெல்லாம் சேர்க்கவில்லை என்றும் கேள். ரேவன்ஸ்தார்ப்பில் அந்த இரண்டாவது கேள்வியை ஹோப்டவுன்காரர்கள் யாரிடம் போய்க் கேட்டிருக்க முடியும் என்பதுதான் தெரியவில்லை.