இயலுமா, விருப்பமா?

மாமிக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தபோது, கவுன்சில் ஒரு நாளைக்கு நாலு தரம் கெயாரர்களை அனுப்பியது. காலையில் கழுவித் துடைத்து உடுப்பு மாற்ற, மதியமும் மாலையும் சாப்பாடு கொடுக்க, இரவில் படுக்கவைக்க. 2023இல் ஒரு மீளாய்வு வந்தது. நாலு இரண்டானது.

அந்த மீளாய்வு எங்கள் வீட்டு முன்னறையில் நடந்தது. மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. சோஷல் வேர்க்கர் ஆங்கிலத்தில் கேட்க, நான் மாமிக்குத் தமிழில் சொன்னேன். மதியமும் மாலையும் பார்க்க வீட்டில் ஆள் இருக்கிறதா என்று ஒரு கேள்வி.

"மருமகள் இருக்கிறாள் தானே. அவள் செய்வாள்" என்றா மாமி. இவர் தலையை ஆட்டினார்.

நான் அதை ஆங்கிலத்தில் "யெஸ்" என்று சொன்னேன். என்னுடைய சம்மதத்தை வேறொருவர் சொல்ல, நானே மொழிபெயர்த்துக் கொடுத்தேன். பிறகு வந்த கடிதத்தில், அந்தத் தேவைகளைக் குடும்பம் நிறைவேற்றுகிறது என்று இருந்தது. குடும்பம் என்றால் நான். அடுத்த மாதமே சூப்பர் மார்க்கெட் வேலையை விட்டேன்.

எங்கள் கவுன்சிலிடம் காசு இல்லை என்பது ஊருக்கே தெரியும். இந்த நாட்டில் ஒரு கவுன்சில் கம்பனிபோல வங்குரோத்தாகிவிட முடியாது. வரவைச் செலவு மிஞ்சப்போகிறது என்றால், 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 114ஆம் பிரிவின்படி அதன் நிதி அதிகாரி அறிவித்தல் விடவேண்டும். 2018இல் நோர்த்தாம்ப்டன்ஷயர், 2020இல் குரொய்டன், 2023இல் பேர்மிங்காம் விட்டன. எங்களுடையது அந்த விளிம்பில் நின்றுகொண்டு அரசிடம் உதவி கேட்டது.

உதவி என்றால் காசு வரும் என்று நினைத்தேன். பெரும்பாலும் வருவது அனுமதிதான்: கடன் வாங்க, கட்டடங்களை விற்க, சிலவேளை வரியைக் கூட்ட. அரசு ஆணையாளர்களை அனுப்பினால் அவர்களின் சம்பளத்தையும் கவுன்சிலே கட்டவேண்டும். பராமரிப்புச் சேவை தளர்ந்திருந்தால் ஆலோசகர்கள் வந்து திட்டம் போட்டுக் கொடுப்பார்கள். 2023இலிருந்து பராமரிப்புத் தர ஆணைக்குழு கவுன்சில்களையும் மதிப்பிடுகிறது.

இவர்கள் எல்லாரும் கணக்குப் பார்ப்பவர்கள். மாமிக்குக் குறைத்த இரண்டு வருகைகளும் அந்தக் கணக்கில் சேமிப்பு. நான் விட்ட சம்பளம் எந்தப் பக்கத்திலும் இல்லை. கிழமைக்கு 35 மணித்தியாலமாவது பராமரித்தால் அரசு பராமரிப்பாளர் படி தருகிறது. 2025 ஏப்ரலில் அது 83.30 பவுண்ஸாக இருந்தது. 35ஆல் பிரித்துப் பார்த்தேன்: மணிக்கு 2 பவுண்ஸ் 38 பென்ஸ். அதே ஏப்ரலில் சட்டப்படியான குறைந்த கூலி 12.21.

இந்தப் படிக்கும் ஒரு கதை உண்டு. 1976இல் தொடங்கியபோது, கணவனோடு வாழும் மனைவிக்கு அது கிடையாது. அவள் எப்படியும் வீட்டில்தான் இருப்பாள் என்பது நியாயம். தாயைப் பார்க்க வேலையை விட்ட ஜாக்குலின் டிரேக் என்ற பெண் வழக்குப் போட்டா. 1986இல் ஐரோப்பிய நீதிமன்றம் அவ பக்கம் தீர்ப்புச் சொன்னது. சட்டம் மாறிவிட்டது. "அவள் செய்வாள்" என்பது மாறவில்லை. எங்கள் முன்னறையில் அதை மாமியும் சொன்னா, கவுன்சிலும் எழுதியது.

2025இல் இன்னொரு சோஷல் வேர்க்கர் வந்தா. மேம்பாட்டுத் திட்டத்தில் பராமரிப்பவர்களுக்கான மதிப்பீடும் இருக்கிறதாம். மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில் இருந்தார். மாமியோடு கதைத்து முடித்தபின், என்னோடு தனியாகக் கதைக்கவேண்டும் என்று சொல்லி இவரை வெளியே இருக்கச் சொன்னா.

"உங்களுக்கு இது இயலுமா? செய்ய விருப்பமா?"

இது அவவின் கருணை இல்லை. 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டம் கேட்கச் சொல்லும் கேள்வி. ஒன்பது வருடப் பழைய சட்டத்தை 2023இல் எங்கள் வீட்டில் ஒருவரும் திறக்கவில்லை. எனக்கு உடனே பதில் வரவில்லை. கலியாணம் கட்டிய நாளிலிருந்து இயலுமா என்றுகூட யாரும் கேட்டதில்லை. விருப்பமா என்பது எனக்குப் புதுச் சொல்லாக இருந்தது.

"நாலு நாள் இயலும். மூன்று நாள் விருப்பமில்லை" என்றேன். என் குரல் நடுங்கியது.

மூன்று நாட்களுக்கு மதிய வருகை திரும்ப வந்தது. மாலை வருகை வரவில்லை. அந்த மூன்று மாலைகளையும் இவர் பார்க்கிறார், முணுமுணுத்துக்கொண்டு. நான் பாடசாலைச் சமையலறை ஒன்றில் வேலைக்குப் போகிறேன். அரசின் உதவியால் எங்கள் கவுன்சில் திருந்திவிட்டதா என்று கேட்டால், ஒரு கேள்வியளவு திருந்தியிருக்கிறது என்பேன். அந்தக் கேள்விக்கும் செலவு இருக்கிறது. அடுத்த வெட்டில் அது முதலில் போய்விடுமோ என்று பயமாகவும் இருக்கிறது.

மாமி இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் தலை இழுத்துவிடும்போது கேட்டா:

"விருப்பமில்லை எண்டு முந்தியே சொல்லியிருக்கலாமே?"

"ஒருத்தரும் கேக்கேல்லை, மாமி."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. தன் மாமியை ஊரில் பதினொரு வருடம் படுக்கையில் வைத்துப் பார்த்தவ.

"என்னட்டையும்தான்" என்றா.